பந்து பார்க்கப் போனோம்

“திருவெண்ணெய்நல்லூரிலிருந்து கோழிக்கோட்டுக்கு எப்படிப் போவது?” என்று நாம் கேட்ட மாத்திரத்தில், ஆசிரியர் அறையில் இருந்த ஏழு பேரும் ஏழு வழி சொன்னார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரும் கோழிக்கோட்டைக் கண்டவர் இல்லை என்பது பிற்பாடு விசாரித்ததில் தெரியவந்தது. தெரியாத ஊருக்கு வழி சொல்வதில் நம் ஜனங்கள் காட்டும் தாராளத்தை வேறு எந்தத் தானத்திலும் காண முடியாது.

நாமோ பள்ளிக்கூட வாத்தியார். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. சர்வகலாசாலையில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியதன் பலனாகக் கோழிக்கோட்டைப் பற்றி நமக்குத் திட்டமாகத் தெரிந்தது ஒரே ஒரு வருஷம்: 1498. வாஸ்கோ ட காமா அதன் பக்கத்தில் வந்து இறங்கினான் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். அவன் கடல் வழியாக வந்தவன். நாம் தரை வழியாகப் போக வேண்டியவர்கள். ஆகையால் அவனுடைய அனுபவம் நமக்கு அவ்வளவாகப் பிரயோஜனப்படாது என்று முதலில் எண்ணினோம். அது தவறு என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

நாம் புறப்பட்டது தீர்த்த யாத்திரைக்கு அன்று; கல்யாணத்துக்கும் அன்று. ஒரு கால்பந்து ஆட்டம் பார்ப்பதற்கு.

நம்மிடம் படித்த பையன் ஒருவன் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் கணக்கில் சுமார். தமிழில் சுமாருக்குச் சற்று மேல். பந்தைப் பிடிப்பதில் மட்டும் சூரன். எதிரே வரும் பந்து அவன் கையை மீறிப் போவது அபூர்வம். கல்லூரி அணியில் கோல் காவலனாக நின்றவனைப் பல்கலைக்கழக அணிக்கும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தேசத்துப் பல்கலைக்கழகங்களை மண்டலங்களாகப் பிரித்து வருஷந்தோறும் கால்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். மண்டலத்தில் முன்னணிக்கு வரும் அணிகள் அகில இந்தியப் போட்டியில் ஆடும். அதில் வெல்லும் அணிக்குக் கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்த ஸர் ஆசுதோஷ் முகர்ஜியின் பெயர் தாங்கிய கோப்பை. நம் பையனின் அணி ஆட வேண்டிய தென் மண்டல ஆட்டம் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழக மைதானத்தில் என்று அவன் கைப்பேசியில் சொன்னான். “ஐயா, நீங்கள் வரவேண்டும்” என்றான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பாவையும் அழைத்து வரவேண்டும்” என்றான்.

முதல் வேண்டுகோள் சுலபம். இரண்டாவதில்தான் சங்கதியே இருந்தது.

* * *

எங்கள் ஊரைப் பற்றி அறியாத தமிழர் அதிகம் இருக்கமாட்டார்கள். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர் இது. மெய்கண்டார் வாழ்ந்து சிவஞானபோதம் அருளிய ஊர். இவற்றுக்கெல்லாம் முன்பே சுந்தரரின் வழக்கு நடந்த ஊர். புத்தூரில் மணப்பந்தலில் இருந்த வாலிபரை ஒரு கிழவர் வந்து தடுத்து, “உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு ஆள்” என்று உரிமை கொண்டாடினார். வாலிபர் ஓலையைக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வந்தது. கிழவர் மூல ஓலையை எடுத்துக் காட்டினார். தீர்ப்பு கிழவர் பக்கம் ஆயிற்று. அருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்த பிறகுதான் கிழவர் யார் என்று தெரிந்தது. ‘தடுத்தாட்கொண்ட’ கதை என்று இதைச் சொல்லுவார்கள்.

எங்கள் பையன் விஷயத்திலும் ஒரு தகப்பனார் இப்படித்தான் ஓலையோடு நின்றார். ஆனால் அந்த ஓலையை எழுதியது பெண்ணையாறு.

2024ஆம் வருஷம் நவம்பர் 30ந் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. எங்கள் ஜில்லாவில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. போதாக்குறைக்கு மேலே சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2ந் தேதி விநாடிக்கு 1,68,000 கன அடி வரையில் நீர் திறக்கப்பட்டது. பெண்ணை கரைகொள்ளாமல் வந்தது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே நீருக்குள் போயிற்று என்றால், ஆற்றங்கரையில் மண்சுவர் வைத்துக் குடியிருந்தவர்களின் கதியை விவரிக்க வேண்டியதில்லை. பையனின் வீட்டில் இரண்டு சுவர்கள் கரைந்து போயின. ஓர் ஆடும், சோறாக்கும் பாத்திரங்களும், நெல் மூட்டையும் போயின. பையனின் சான்றிதழ்களை மட்டும் தாயார் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தபடியால் அவை தப்பின.

தகப்பனார் கரும்பு வெட்டுகிற தொழிலாளி. சுவரை மறுபடி எழுப்பக் கடன் வாங்கினார். கடனுக்கு வட்டி உண்டு. “பையன் படித்தது போதும் ஐயா. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் கேட்கிறார்கள். மாசம் பிறந்தால் கையில் காசு” என்று நம்மிடம் வந்து சொன்னார். நாம் எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை, சம்மதிக்கவும் இல்லை. “பந்தை உதைத்தால் வட்டி கட்ட முடியுமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சரித்திரத்தில் பட்டம் பெற்ற நம்மிடம் அதற்குப் பதில் இல்லை.

அவர் தம் மகன் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் வெறுப்பு அல்ல. ஆட்டங்கள் நடப்பது பகலில்; பகல் என்பது கூலிக்கு உரிய நேரம்.

* * *

ஆகவே பிரயாணத் திட்டத்தில் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது டிக்கெட் அன்று, கரும்பு. போட்டி நடக்கும் மாதங்களே ஆலைக்குக் கரும்பு வெட்டும் மாதங்கள். கோஷ்டியாக வெட்டுவார்கள். ஒருவர் மூன்று நாள் வராவிட்டால் மூன்று நாள் கூலி போவதோடு, கோஷ்டியில் இடமே போனாலும் போய்விடும். சௌகரியமுள்ள குடும்பங்கள் பிரயாணச் செலவைக் கணக்கிடும்போது ரயில், ஓட்டல், வேடிக்கை என்று எழுதுகிறார்கள். ஏழையின் கணக்கில் முதல் வரி, வீட்டை விட்டுக் கிளம்பியதால் நின்றுபோகும் வரும்படி. இந்த வரியை நாம் அதுவரையில் எந்தப் பிரயாணக் கட்டுரையிலும் படித்ததில்லை.

நாம் கோஷ்டி மேஸ்திரியிடம் போய்ப் பேசினோம். அவருடைய மகளும் நம்மிடம் படித்தவள்தான். “மூன்று நாள்தானே, பார்த்துக்கொள்ளலாம்” என்றார். வாத்தியார் உத்தியோகத்தில் சம்பளத்துக்கு அப்பாற்பட்ட வருமானம் இதுதான்.

செலவை நாம் ஏற்பதாகச் சொன்னபோது தகப்பனார் ஒப்பவில்லை. “என் டிக்கெட்டுக்கு நான்தான் கொடுப்பேன். இல்லாவிட்டால் வரவில்லை” என்றார். நம் இல்லத்தரசி சமயோசிதமாக, “அப்படியே ஆகட்டும் அண்ணே. சாப்பாடு மட்டும் என்னுடைய பொறுப்பு, அதில் நீங்கள் தலையிடக் கூடாது” என்று உடன்படிக்கை செய்துகொண்டாள்.

அடுத்தது வழி. வாஸ்கோ ட காமாவை நாம் அலட்சியம் செய்தது தவறு என்று சொன்னோம் அல்லவா? அவன் ஆப்பிரிக்கக் கரையில் மாலிந்தித் துறைமுகத்தில், வழி தெரிந்த மாலுமி ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்ட பிறகே கடலைக் கடந்து கோழிக்கோட்டுக்கு வந்தான். ஏழு பேரிடம் யோசனை கேட்பதைவிட வழி தெரிந்த ஒருவரைப் பிடிப்பதே உத்தமம் என்பது இதிலிருந்து பெறப்படும் நீதி. நமக்கு வாய்த்த மாலுமி விழுப்புரத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் திரூர்ப் பக்கம். அவர் நம் திட்டத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஸார், கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் கோழிக்கோட்டில் இல்லை” என்றார்.

நாம் திகைத்துப் போனோம். விஷயம் இதுதான். 1968இல் ஏற்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் இருக்குமிடம் தேஞ்ஞிப்பலம் என்னும் ஊர். அது கோழிக்கோட்டு நகரத்துக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மலப்புரம் ஜில்லாவில் இருக்கிறது. பாலக்காட்டு வழியாக வரும் ரயில் திரூர், பரப்பனங்காடி, ஃபெரோக் என்ற நிலையங்களைக் கடந்த பிறகே கோழிக்கோட்டை அடைகிறது. பெயரை நம்பிக் கோழிக்கோடு வரையில் போயிருந்தால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ‘திருவெண்ணெய்நல்லூர் ரோடு’ என்ற பெயரைப் பார்த்து ரயிலிலிருந்து இறங்கி, ஊரைத் தேடி நிற்கும் வெளியூர்க்காரர்களைக் கண்டு பல நாள் சிரித்திருக்கிறோம். இனிமேல் சிரிப்பதில்லை என்று தீர்மானித்தோம்.

ரயில் விஷயத்தில் மூன்று மார்க்கங்கள் இருந்தன. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வழியாக மங்களூருக்குப் போகும் வண்டி நேர் வண்டி. ஆனால் தினமும் இல்லை, நமக்கு வேண்டிய நாளில் இல்லை. காட்பாடிக்குப் போய்ச் சென்னை–மங்களூர் வண்டியைப் பிடிப்பது இரண்டாவது. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் சேலம் போய், நள்ளிரவில் அங்கே வரும் மங்களூர் மெயிலில் ஏறுவது மூன்றாவது. நாம் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

முன்பதிவில் வேறொரு சிக்கல். ரயிலில் 60 நாள் முன்பே இடம் பிடிக்கலாம். ஆனால் எந்த அணி எந்த நாளில் ஆடும் என்பது அவ்வளவு முன்பாகத் தெரிவதில்லை. மேலும் இது தோற்றால் வெளியேற வேண்டிய போட்டி. ‘அரையிறுதிக்குப் போகலாம்’ என்று ஆடம்பரமாகத் திட்டமிட்டால், நாம் போய்ச் சேரும்போது பையன் தோற்று ஊர் திரும்பி, நம் வீட்டுத் திண்ணையில் நமக்காகக் காத்திருக்கக்கூடும். ஆகையால் முதல் ஆட்டத்துக்கே போவது என்று முடிவு செய்தோம். அட்டவணை வந்தபோது சாதாரண டிக்கெட் தீர்ந்துவிட்டது. முதல் நாள் காலை பதினோரு மணிக்குத் திறக்கும் ‘தத்கால்’தான் கதி. பதினோரு மணிக்கு நாம் ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருப்போம். நம் இல்லத்தரசி கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்து, பாஸ்டில் சிறை விழுவதற்குள் மூன்று இடங்களைப் பிடித்துவிட்டாள்.

* * *

புளியோதரை, இட்லி, மிளகாய்ப் பொடி, ஒரு கூஜா தண்ணீர் சகிதம் புறப்பட்டோம். தகப்பனார் வெள்ளை வேஷ்டியும் புதுத் துண்டுமாக வந்தார். பஸ் உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டும்போதே தூங்கிவிட்டார். உடம்பால் உழைப்பவர்களுக்கு ஆண்டவன் அளித்திருக்கும் இந்த வரம் வாத்தியார்களுக்கு இல்லை. சேலத்தில் மெயிலில் ஏறியதும் அவர் மறுபடி உறங்க, நாம் விழித்திருந்து, வகுப்பில் யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டிய விஷயங்களை இல்லத்தரசியிடம் சொல்லிக்கொண்டு வந்தோம்.

நாம் போகும் நாடு பரதேசமன்று. 1956 நவம்பர் 1ந் தேதி வரையில் மலபார் ஜில்லாவும் எங்கள் தென்னாற்காடு ஜில்லாவும் ஒரே சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தவை. கோழிக்கோட்டுக் கல்லூரிகளும் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்தே இருந்தன. 1930 ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, கேளப்பன் கோழிக்கோட்டிலிருந்து பய்யனூருக்கு நடந்தார். கிழக்குக் கடலிலும் மேற்குக் கடலிலும் ஒரே மாதத்தில் ஒரே உப்பு. அந்நிய சர்க்காருக்கு அதன் கரிப்பு இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

பந்தாட்டத்திலும் தேசத்தின் மானம் கலந்திருந்த காலம் ஒன்று உண்டு. 1911 ஜூலை 29ந் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தின் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று கேடயத்தைப் பெற்றது. பதினொருவரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். அவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தனர். கல்லூரிப் பந்தாட்டம் என்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அந்த ஒரு மாலையை நினைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் மேலாக, மலையாளத்தாரின் பந்தாட்டப் பெருமையில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இன்று வரையில் ஒரு கோலும் போட்டதில்லை. அதே சுந்தரராஜ் பயிற்சி கொடுத்த கேரள அணிதான் 1973இல் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. கேரளம் 2022 மே 2ந் தேதி ஏழாவது தடவையாக அக்கோப்பையை வென்றதும் மலப்புரம் ஜில்லாவிலுள்ள மஞ்சேரியில்தான். அறுவடையான வயல்களில் மூங்கிலும் பலகையும் கொண்டு மேடை கட்டி, அணிக்கு ஏழு பேராக இரவெல்லாம் ஆடுகிற ‘செவன்ஸ்’ ஆட்டம் அங்கே ஒரு திருவிழா. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வந்து ஆடுகிறார்கள். 2022 மார்ச்சில் அத்தகைய மேடையொன்று சரிந்து பலர் காயப்பட்டதும் உண்டு. ஆகையால் “எங்கே ஆட்டம் பார்த்தாலும் தரையில் உட்கார்ந்து பாருங்கள்” என்று நம் டீக்கடை மாலுமி எச்சரித்திருந்தார்.

சொற்பொழிவு முடிந்து திரும்பினால் இல்லத்தரசியும் உறங்கிவிட்டிருந்தாள்.

பாலக்காட்டுக் கணவாயை இருட்டில் கடந்தோம். மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு விலகி நிற்கும் இடம் அது. மேல்காற்று அதன் வழியாகத்தான் கோயம்புத்தூருக்கு வருகிறது. ஷோரனூரைத் தாண்டிய பின் கிழக்கே வெளுத்தது. ரயிலை ஒட்டிப் பாரதப்புழை வந்தது. நடுவில் மெல்லிய நீரோட்டம், இரு பக்கமும் மணல், மணலில் நாணல். தகப்பனார் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார்.

“நம்ம ஆறு மாதிரியேதான் இருக்கிறது. ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கிறது பாருங்கள்” என்றார்.

* * *

திரூரில் இறங்கினோம். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் எழுத்தச்சனின் ஊர் அது. அவர் நினைவாக உள்ள துஞ்சன் பறம்பைப் பார்க்க வேண்டும் என்பது வாத்தியாருடைய ஆசை. பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்பது மற்ற இருவருடைய ஆசை. ஜனநாயகப்படி வாத்தியார் தோற்றார். பஸ் மாறித் தேஞ்ஞிப்பலம் போய், சாலையோரத்தில் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்து, குளித்து, புளியோதரையை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு மைதானத்தை அடைந்தோம்.

அது முதற்சுற்று ஆட்டம். உள்ளூர் அணிகூட ஆடவில்லை. ஆயினும் நூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். மாணவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தொப்பி அணிந்த முதியவர்கள், பேரனைத் தோளில் சுமந்த தாத்தாக்கள். யாருடைய பிள்ளைகளோ ஆடுகிறார்கள், இவர்கள் பார்க்கிறார்கள். பந்து நன்றாக உதைக்கப்பட்டால் யார் உதைத்தாலும் கைதட்டுகிறார்கள். இந்தக் குணத்தைக் கண்டு நாம் வெட்கப்பட்டோம். எங்கள் ஊர் மைதானத்தில் பையன்கள் ஆடும்போது நின்று பார்ப்பவை பெரும்பாலும் மாடுகளே.

நம் பையன் மஞ்சள் சட்டையும் கையுறையுமாகக் கம்பங்களுக்கு நடுவில் வந்து நின்றான். எங்களைக் கண்டான். தகப்பனாரைக் கண்டதும் ஒரு கணம் கையுறையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான்.

முதல் கால் மணி நேரம் பந்து எதிர்ப் பக்கத்திலேயே இருந்தது. “மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஓடுகிறார்கள், இவன் மட்டும் சும்மா நிற்கிறானே!” என்று தகப்பனார் கவலையோடு கேட்டார். வேலை நேரத்தில் சும்மா நிற்பவனைக் கண்டால் மேஸ்திரி என்ன சொல்வார் என்பது அவருடைய கவலை. “அவன் வேலை இன்னும் வரவில்லை” என்றோம்.

பிறகு வந்தது. எதிரணி முன்னாட்டக்காரன் ஒருவன் இரண்டு பேரைக் கடந்து வந்து, இருபது அடியிலிருந்து ஓங்கி உதைத்தான். பையன் பக்கவாட்டில் பறந்து விழுந்து, விரல் நுனியால் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தள்ளிவிட்டான். மைதானம் ‘ஹோ’ என்றது. தகப்பனார் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பின் ஆட்டம் முடியும் வரையில் அவர் உட்காரவில்லை. தடுத்தாட்கொண்ட ஊர்க்காரன் அல்லவா! முதற்பாதியில் மட்டும் நான்கு முறை தடுத்தான்.

இடைவேளையில் வெயில் சுட்டது. எங்கள் பக்கத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த பெரியவர், இவர் அந்தக் கோல் காவலனின் தகப்பனார் என்று எப்படியோ தெரிந்துகொண்டார். வாத்சல்யத்தோடு ஒரு பாட்டிலை நீட்டி,

“வெள்ளம் வேணோ?” என்றார்.

தகப்பனாருக்கு முகம் மாறிவிட்டது. “வேண்டாம் சாமி! வந்ததே போதும்” என்று இரண்டு கைகளையும் கூப்பினார்.

பெரியவர் விழித்தார். அவர்கள் பாஷையில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர் என்பது நமக்குச் சட்டென்று நினைவு வந்தது. பாதித் தமிழிலும் கால்பங்கு மலையாளத்திலும் மீதியைக் கையாலும் விளக்கினோம்: ஆறு வந்தது, சுவர் போயிற்று, ஆடு போயிற்று. பெரியவர் தலையை மெல்ல அசைத்தார். 2018 ஆகஸ்டில் கேரளமும் அப்படியொரு பெருக்கைக் கண்டது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். “அது வெள்ளப்பொக்கம்” என்று கையை மார்பளவு உயர்த்திக் காட்டினார். அவர் வீட்டில் அவ்வளவு உயரம் போலும். பிறகு பாட்டிலைக் காட்டி, “இது குடிக்கிற வெள்ளம்” என்றார். தகப்பனார் வாங்கிக் குடித்தார். ஆறு கொண்டுபோன வீட்டைப் பற்றி அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கண்டோம்.

இரண்டாம் பாதியில் மூலையிலிருந்து வந்த பந்து கூட்டத்தில் யார் தலையிலோ பட்டு உள்ளே போயிற்று. ஒன்றுக்குப் பூஜ்யம். பையனின் அணி தோற்றது. மறுநாள் அரங்கேற வேண்டிய சரித்திரம் எதுவும் இல்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பையன் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்களிடம் வந்தான். தொப்பிக்காரப் பெரியவர் முந்திக்கொண்டு அவன் தோளைத் தட்டி, வேகமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

தகப்பனார் மகனுடைய முழங்கையில் உரிந்திருந்த தோலைப் பார்த்தார். தம் புதுத் துண்டை நனைத்து அதைத் துடைத்தார். “விழும்போது வலிக்காதா?” என்று கேட்டார். “பழகிவிட்டது அப்பா” என்றான் பையன். வேறு பேச்சு இல்லை.

* * *

மறுநாள் பையன் அணியோடு புறப்பட்டான். இரவு வண்டி வரையில் எங்களுக்குப் பொழுது இருந்தது. அதுவரையில் பெயரளவில் இருந்த கோழிக்கோட்டுக்குப் போனோம். மானாஞ்சிறைக் குளத்தைச் சுற்றி, மிட்டாய்த் தெருவில் நடந்தோம். அங்கே அல்வா கருப்பு, பச்சை, சிவப்பு என்று பல நிறங்களில் பாளம் பாளமாக இருக்கிறது. தகப்பனார் கால் கிலோ வாங்கி, தம் மடியிலிருந்தே பணம் கொடுத்தார். இந்த நகரத்தை 2023இல் யுனெஸ்கோ இலக்கிய நகரம் என்று அங்கீகரித்திருக்கிறது. இந்தியாவில் அந்தப் பெயரை முதலில் பெற்றது இதுதான். நாம் அதை எடுத்துச் சொன்னபோது, “அல்வாவும் நன்றாக இருக்கிறது” என்று இல்லத்தரசி ஆமோதித்தாள்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். உப்பு சத்தியாக்கிரகிகள் அடிபட்ட கரை அது. நாங்கள் கிழக்குக் கடற்கரைக்காரர்கள். சூரியன் கடலில் உதிப்பதைக் கண்டிருக்கிறோம். கடலில் மறைவதைக் கண்டதில்லை. மூவரும் மணலில் உட்கார்ந்து அது முழுவதும் இறங்கும் வரையில் பார்த்தோம்.

இருட்டிய பிறகு தகப்பனார் தாமாகவே பேசினார்.

“இவ்வளவு தூரம் வந்து, தெரியாத ஜனங்கள் என் பிள்ளையைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள் ஐயா. நான் இத்தனை நாள் அவனை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.”

நாம் பதில் சொல்லவில்லை.

“வட்டி இருக்கத்தான் இருக்கிறது. இன்னும் ஒரு வருஷப் படிப்பு. அந்த மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். முடித்துவிட்டு வேலைக்குப் போகட்டும். பந்து ஆடினாலும் ஆடட்டும்.”

ஓலையை அவர் கிழிக்கவில்லை. ஒரு வருஷம் மடித்து வைத்தார். அதுவே பெரிது. பந்தாட்டம் கடனைத் தீர்த்துவிடும் என்று நாம் எழுதினால் அது பொய். இன்றைக்கும் அவர் வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்; பையன் கல்லூரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

பிரயாணத்துக்குத் திட்டம் போடும் வாசகர்களுக்கு நம் அனுபவத்தில் கண்ட இரண்டொரு யோசனைகள்: பெயரைப் பார்த்து ஊரை நம்பாதீர்கள். ஏழு பேரைக் கேட்காமல் வழி தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். தோற்றால் வெளியேறும் போட்டியாயின் முதல் ஆட்டத்துக்கே போய்ச் சேருங்கள். எதைப் பார்ப்பது என்று ஜாபிதா எழுதுவதற்கு முன்பு, யாரைப் பார்க்கப் போகிறோம், யாரை அழைத்துப் போகிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை ஆசிரியர் அறையில் எல்லாரும் நம்மைச் சூழ்ந்துகொண்டு, “கோழிக்கோட்டில் என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டார்கள். “ஒரு தகப்பனார் தம் பிள்ளையைப் பார்த்ததைப் பார்த்தோம்” என்றோம். இதற்காகவா அவ்வளவு தூரம் என்றார் கணக்கு வாத்தியார்.

ஆமாம், பெண்ணையாற்றங்கரையில் ஒரே கூரையின்கீழ் இருந்த இருவருக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருந்தது.